ஸ்கோப் வாங்கும் முன்… குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியுமா?

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. அதே 2024-ம் ஆண்டு ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, துப்பாக்கி சுடுதல் போட்டிகள் வேளச்சேரி குருநானக் கல்லூரி வளாகத்தில் நடந்தன. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அது சில கிலோமீட்டர் தூரம்தான்.

டிவியில் பார்த்த விளையாட்டு பக்கத்து ஏரியாவிலேயே இருக்கிறது என்றால் ஆசை வரத்தானே செய்யும்? ஐ.டி. வேலை, கையில் சம்பளம், வார இறுதியில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்ற எண்ணம். போனை எடுத்துத் தேடினால் முதலில் வந்து நிற்பது பயிற்சி மையத்தின் முகவரியாக இருக்காது. ஸ்கோப், பைபாட், லேசர், ரெயில், ரிங் என்று பொருள்களின் வரிசைதான். '1,000 மீட்டர் துல்லியம்', 'ஸ்னைப்பர் குவாலிட்டி' என்று விளம்பரம். கூடவே ஒரு ஏர்கன். மொட்டை மாடி இருக்கவே இருக்கிறது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சென்னையில் ஒருவர் சட்டப்படி கற்றுக்கொண்டு போட்டிக்குப் போகக்கூடிய முக்கியமான ரைபிள் பிரிவுகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. ஸ்கோப் உண்மையிலேயே தேவைப்படும் நெடுந்தூரச் சுடுதலுக்கோ, குண்டு பத்திரமாகப் போய் நிற்கிற இடம் முதலில் வேண்டும். அந்த இடம் இல்லாமல் வாங்கும் ஸ்கோப் வீண் செலவு. சில சமயம் ஆபத்தும்கூட.

ஒலிம்பிக் ரைபிளில் ஸ்கோப் கிடையாதா?

கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் த்ரீ பொசிஷன் இரண்டிலுமே துப்பாக்கி மேல் டெலஸ்கோப் பொருத்தக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, குறி பார்க்கும் அமைப்பில் லென்ஸ் இருக்கக் கூடாது. பார்வைக் குறை உள்ளவர்களுக்காகப் பின்பக்கக் குறியில் மட்டும் ஒரு திருத்த லென்ஸ் வைத்துக்கொள்ளலாம். அது கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரிதான். எதையும் பெரிதாக்கிக் காட்டாது.

அப்புறம் எப்படிக் குறி பார்க்கிறார்கள்? 'பீப் சைட்' என்ற எளிய ஏற்பாடுதான். கண்ணுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. அகலத்தில் ஒரு சின்ன ஓட்டை. குழல் முனையில் ஒரு வளையம். அதற்கு அப்பால் இலக்கின் கறுப்பு வட்டம். ஓட்டைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம் என மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் உட்கார வேண்டும்.

ஓட்டை சின்னதாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கேமராவில் அபெர்ச்சரைச் சுருக்கினால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் அல்லவா? அதே கணக்குத்தான். அதோடு, வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா, கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா என்பதை மனிதக் கண் சட்டென்று பிடித்துவிடும். அதற்குத் தனியாகக் கருவி தேவையில்லை.

இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவு துல்லியமாகச் சுட முடியும்? 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளிகள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் 630.7 எடுத்தார். சராசரி 10.5. அதாவது, பெரும்பாலான குண்டுகள் மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்குள். அப்படிச் சுட்டும் அவருக்குக் கிடைத்தது 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இந்த விளையாட்டில் போட்டி எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் 451.4 எடுத்து வெண்கலம் வாங்கினார். மூன்று பேரின் துப்பாக்கியிலும் ஸ்கோப் இல்லை.

சரி, ஸ்கோப் எந்தப் போட்டிக்கு?

இருக்கிறது. நகரும் இலக்கைச் சுடும் 10 மீட்டர் பிரிவில் 4 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் ஸ்கோப்பின் உண்மையான வீடு 'எஃப் கிளாஸ்' என்ற நெடுந்தூரப் போட்டி. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்கார்சன் என்ற வீரரின் பெயரிலிருந்து வந்த 'எஃப்' அது. வயதாகிக் கண்ணும் கையும் முன்னைப்போல ஒத்துழைக்காதவர்கள், படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாகச் சுடட்டும் என்று தொடங்கியது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. தூரம் 1,000 கஜம் வரை, அதாவது ஏறக்குறைய 914 மீட்டர். இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற பெரிய மைதானங்களில் இது நடக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1,000 கஜத்தில் 'ஃபுல்போர்' என்ற பழைய பிரிவும் உண்டு. அங்கே இன்றும் பீப் சைட்தான். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரத்து இலக்கை ஸ்கோப் இல்லாமல் அடிக்கிறார்கள். தூரம் கூடினால் ஸ்கோப் இல்லாமல் முடியாது என்ற நம்பிக்கையை அந்தப் போட்டியே உடைத்துவிடுகிறது.

ஸ்கோப் மேல் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

ஸ்கோப்பைப் பற்றி முடிவெடுக்க அதன் மொழி தெரிய வேண்டும். விளம்பரத்தைப் படித்து ஏமாறாமல் இருக்கவும் அது உதவும்.

'4-16 எக்ஸ் 50' என்று எழுதியிருந்தால், 4 மடங்கிலிருந்து 16 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 50 மி.மீ. என்று பொருள். முன் லென்ஸின் அகலத்தைப் பெரிதாக்கும் அளவால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10 மடங்கில் 5 மி.மீ.; 25 மடங்குக்குப் போனால் வெறும் 2 மி.மீ. பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் இருட்டும். தலையை இம்மி அசைத்தாலும் படம் காணாமல் போகும். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்.

சென்னைக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு: கானல். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்றை ஸ்கோப் அப்படியே பெரிதாக்கிக் காட்டும். இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். நெடுந்தூரம் சுடுகிறவர்கள் இந்த நேரத்தில் மடங்கைக் குறைத்துக்கொள்வார்கள். '40 மடங்கு' என்று போட்டு விற்கும் ஸ்கோப்பில் அந்த 40-ஐ ஏப்ரல் மாத மத்தியானத்தில் பயன்படுத்தவே முடியாது.

அடுத்தது, 'கிளிக்'. ஸ்கோப் மேலும் பக்கவாட்டிலும் இருக்கும் திருகுகளைத் திருப்பினால் கிளிக் கிளிக் என்று நகரும். இதில் இரண்டு அளவுமுறைகள் உண்டு. ஒன்று 'எம்.ஓ.ஏ.'. ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ. வரும். கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 100 மீட்டரில் 7 மி.மீ. போல நகரும். இன்னொன்று 'மில்'. 100 மீட்டரில் 10 செ.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கான ஒரு கிளிக், 1 செ.மீ. மீட்டரில் யோசித்துப் பழகிய நமக்கு மில் சுலபம். எதை எடுத்தாலும், உள்ளே தெரியும் கோடுகளும் வெளியே இருக்கும் திருகும் ஒரே அளவுமுறையில் இருக்க வேண்டும். ஒன்று மில், இன்னொன்று எம்.ஓ.ஏ. என்று இருந்தால், அவசரத்தில் கணக்குப் போட்டே நேரம் போய்விடும்.

மூன்றாவது, 'பேரலாக்ஸ்'. பைக் ஸ்பீடாமீட்டரை ஓட்டுபவர் பார்த்தால் 40, பின்னால் உட்கார்ந்திருப்பவர் சாய்ந்து பார்த்தால் 45 மாதிரி தெரியும் இல்லையா? அதுதான். ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்தில் இலக்கு இல்லையென்றால், கண்ணை அசைக்கும்போது குறிக்கோடும் இலக்கின் மேல் அசையும். பெரிய ரைபிளுக்கான சாதாரண ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டு வரும். அதை 10 மீட்டர் ஏர்கன்னில் மாட்டினால் படமும் மங்கல், குறியும் தப்பு. ஏர்கன்னுக்கு என்றால் 10 மீட்டர் வரை பேரலாக்ஸைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது பலருக்குத் தெரியாதது. ஸ்பிரிங் வைத்த ஏர்கன் சுடும்போது முதலில் பின்னுக்கும், உடனே முன்னுக்குமாக இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய ரைபிள்கூடப் பின்னுக்கு மட்டும்தான் உதைக்கும். அதைத் தாங்கச் செய்த ஸ்கோப், ஏர்கன்னின் முன்னோக்கிய உதையில் உள்ளே ஆட்டம் கண்டுவிடும். 'ஏர்கன்தானே, எந்த ஸ்கோப்பாக இருந்தால் என்ன?' என்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, மாட்டும் விதம். ரிங் தளர்ந்திருந்தால், குழாய் லேசாகச் சாய்ந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் பயன்படாது. அனுபவசாலிகள் ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் திருகைச் சரிபார்ப்பது அதனால்தான்.

1,000 கஜத்தில் குண்டு என்ன ஆகும்?

ஸ்கோப் இலக்கைப் பக்கத்தில் காட்டும். குண்டின் பாதையை அது மாற்றாது. நெடுந்தூரப் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் .308 வகைத் தோட்டா, 100 கஜத்துக்குக் குறி சரிசெய்யப்பட்ட ரைபிளில் 1,000 கஜம் போய்ச் சேரும்போது குறிக்கோட்டிலிருந்து சுமார் 10 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் பக்கவாட்டில் 2 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். இதையெல்லாம் கணக்கிட்டுத் திருகைத் திருப்பத் தெரிந்தவருக்குத்தான் அந்த ஸ்கோப் கருவி. மற்றவர்களுக்கு அது பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி மட்டுமே.

இலக்கைத் தவறவிட்டால்? குண்டு அங்கேயே விழுந்துவிடாது. .22 தோட்டாப் பெட்டிகளில் '1½ மைல் வரை ஆபத்து' என்ற எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அது சிறியவகைத் தோட்டா. பெரிய ரைபிள் குண்டு சில கிலோமீட்டர் போகும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சி பெற்ற படையினர், அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தளம், பின்னால் மலை. இவ்வளவும் இருந்தும் அப்படி நடந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே அனுமந்தபுரத்திலும் ஒரு துப்பாக்கிச் சுடும் தளம் உண்டு. அது பாதுகாப்புப் படைகளுக்கானது. ஆசைப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுடும் இடம் இல்லை. வீடுகள் நெருங்கிக்கொண்டே வரும் புறநகரில், பொதுமக்களுக்கான 1,000 கஜ மைதானம் என்பது சுலபமான காரியமும் அல்ல. ஆகவே, நெடுந்தூரச் சுடுதலுக்கு மிக முக்கியமான துணைப்பொருள் எது என்று கேட்டால், பதில் ஸ்கோப் அல்ல, பைபாடும் அல்ல. குண்டைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே, அதில் என்ன ஆபத்து?

ஆயுத விதிகள் 2016-ன்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாத, ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இல்லாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் வேண்டும். ஒலிம்பிக்கில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளின் ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். போட்டிக்குப் போவதற்கு 20 ஜூல் தேவையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

.22 உள்ளிட்ட தோட்டாத் துப்பாக்கிகளுக்கு ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் 2 துப்பாக்கிகள்வரைதான் வைத்திருக்கலாம். சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், தடை செய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் வருகிறது. 'ஆக்சசரீஸ்' என்ற பெயரில் இணையத்தில் எது கண்ணில் பட்டாலும் கார்ட்டில் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உரிமம் வேண்டாம் என்பதற்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. ஏர்கன் பெல்லட் 300 மீட்டர் வரைகூடப் போகும். கீழ்க்கட்டளையில் ஒரு மொட்டை மாடியில் நின்று 300 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை தெரு, எத்தனை பால்கனி, எத்தனை பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சந்து அதற்குள் வருகிறது? பெல்லட் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். சுவரில், இரும்புக் கேட்டில் பட்டால் தெறித்துத் திரும்பும். மற்றவர்களின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்துகொள்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவின்கீழ் குற்றம். யாருக்கும் காயம் படாவிட்டாலும் குற்றம்தான்.

பக்கத்தில் இருக்கிறது சதுப்பு நிலம்

தென்சென்னைப் புறநகருக்கு மட்டும் உரிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி எல்லாம் தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் அது. பூநாரை, கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி என்று பறவைகள் அங்கே மட்டும் இருப்பதில்லை. சுற்றியிருக்கும் ஏரிகளுக்கும் குளங்களுக்கும், நம் வீட்டு மரங்களுக்கும் மேலே பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஏர்கன்னில் ஸ்கோப் மாட்டியவருக்கு அடுத்த ஆசை, அசையும் ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது. 'ஒரு காக்கா, ஒரு புறா, அதுல என்ன ஆகிடப் போவுது?' என்பார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக விரிவானது. கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் வேட்டைதான். பாதுகாக்கப்பட்ட பறவையைக் குறிவைத்துச் சுட்டு அது தப்பிப் பறந்துவிட்டாலும் வழக்குப் போட இடமுண்டு. தெருநாய் மேல் சுட்டால் விலங்குகள் மீதான கொடுமைக்கு எதிரான சட்டங்கள் இருக்கின்றன.

சட்டத்தை விடுங்கள். காயம்பட்ட பறவை பெரும்பாலும் அங்கேயே விழாது. எங்கோ போய், பறக்க முடியாமல், இரை எடுக்க முடியாமல் மெல்லச் சாகும். சுட்டவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அப்போ காசை எதில் போடுவது?

ஆசை தப்பில்லை. வரிசை மட்டும் மாற வேண்டும்.

முதலில் பயிற்சி மையம். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. கல்லூரி வளாகங்களிலும் தனியார் அகாடமிகளிலும் 10 மீட்டர் களங்கள் இருக்கின்றன. சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? தொடக்க நிலையினருக்கு அவர்களே துப்பாக்கி தருவார்களா? சுடும் நேரம் முழுக்கப் பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பாரா? சில மாதம் அவர்களுடைய துப்பாக்கியில் சுட்ட பிறகுதான் சொந்தத் துப்பாக்கி பற்றி யோசிக்க வேண்டும். இந்த விளையாட்டு உங்களுக்கு ஒத்துவருமா என்பதே அதற்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கண் பரிசோதனை. நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்க்கும் வேலை என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. குறி பார்க்கும்போது கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிய வேண்டியது குழல் முனையில் இருக்கும் வளையம். அதை மருத்துவரிடம் சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். குறி பார்க்காத கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் இரண்டு கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்புத் தகடு வைத்துக்கொண்டால் போதும், 30 மி.மீ. அகலம் வரை விதி அனுமதிக்கிறது.

மூன்றாவது, ஜாக்கெட், கையுறை, ஸ்லிங். இவை உடம்பை நிலையாக வைக்க உதவுபவை. தொடர்ந்து போட்டிக்குப் போகும் எண்ணம் வந்த பிறகு வாங்கலாம். ஜாக்கெட் துணியின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. துப்பாக்கி எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பழைய ஜாக்கெட்டை மலிவாக வாங்கும்போது இந்த விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போட்டி அன்று சோதனையில் திருப்பி அனுப்பினால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது, பெல்லட். ஒரே துப்பாக்கி ஒரு வகைப் பெல்லட்டில் நெருக்கமாகவும் இன்னொரு வகையில் சிதறியும் சுடும். போட்டிப் பெல்லட்டுகளில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று நூலிழை வித்தியாசத்தில் அளவுகள் வருவது இதற்காகத்தான். இரண்டு மூன்று வகை வாங்கிச் சோதித்து, துப்பாக்கிக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் முன்னேற்றம் எந்த மினுமினுப்பான துணைப்பொருளிலும் கிடைக்காது. பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

ஐந்தாவது, பாதுகாப்புக் கண்ணாடி. தோட்டாத் துப்பாக்கி என்றால் காதுக் கவசமும். இவை இரண்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' ரகம் இல்லை.

லென்ஸ்தான் பிடித்திருக்கிறது என்றால்?

சிலருக்குச் சுடுவதைவிட, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் பார்ப்பதில்தான் ஆசை. அவர்களுக்கு ஒரு நல்ல வழி, ஸ்பாட்டிங் ஸ்கோப். துப்பாக்கியில் மாட்டுவதல்ல, ட்ரைபாடில் தனியாக நிற்பது. 50 மீட்டர், 300 மீட்டர் போட்டிகளில் குண்டு எங்கே பட்டது, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்க இதை விதியே அனுமதிக்கிறது. அதே கருவியை எடுத்துக்கொண்டு குளிர்காலக் காலையில் பள்ளிக்கரணை ஓரம் போனால், கரையிலிருந்து வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் பறவையின் கண்ணைக்கூடப் பார்க்கலாம். இருபது மடங்கிலிருந்து அறுபது மடங்கு வரை பெரிதாக்கும் மாடல்கள் கிடைக்கும். முன் லென்ஸ் 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. ட்ரைபாடும் உறுதியானதாக வேண்டும். ஆடும் ட்ரைபாடில் எந்த லென்ஸும் வேலைக்கு ஆகாது.

எந்த லென்ஸ் வாங்கினாலும் சென்னையின் ஈரப்பதத்தை மறக்கக் கூடாது. பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை கோலம் போட்டுவிடும். உள்ளே நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

விற்பவருக்கும் அரசுக்கும் வேலை இருக்கிறது

எல்லாப் பொறுப்பையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 'ஸ்னைப்பர்' என்றும் 'ஹன்டிங்' என்றும் பெயர் வைத்து, வேட்டையே குற்றமாக இருக்கும் நாட்டில் ஏர்கன்னையும் ஸ்கோப்பையும் விற்பவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். ஆற்றல் எத்தனை ஜூல், பெல்லட் எவ்வளவு தூரம் போகும், எங்கே சுடக் கூடாது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் அச்சிடச் சொல்வது ஒன்றும் பெரிய கோரிக்கை அல்ல. சிகரெட் பெட்டிக்கு இருக்கும் எச்சரிக்கை இதற்கும் இருக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் முக்கியமானது. கேலோ இந்தியா நடந்ததால் இந்த நகரத்தில் போட்டித் தரமுள்ள களத்தை அமைக்கவும் நடத்தவும் முடியும் என்பது தெரிந்துவிட்டது. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானது. அதற்குள் வரும் ஊர்களில் கிரிக்கெட் வலைக்கும் ஷட்டில் கோர்ட்டுக்கும் பஞ்சமில்லை. 10 மீட்டர் ஏர் ரைபிள் களத்துக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. ஒரு நீளமான கூடம், பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் தடுப்பு, நல்ல வெளிச்சம், ஒரு பயிற்சியாளர். மாநகராட்சியின் சமூக நலக்கூடம் ஒன்றில்கூட இதைத் தொடங்கலாம். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், சொந்தத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத அரசுப் பள்ளி மாணவிக்கும் வழி திறக்கும்.

சுட ஓர் இடம் கொடுக்காமல், மொட்டை மாடியில் சுடாதே என்று மட்டும் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? பக்கத்தில் ஒரு களம் இருந்தால், அங்கே போகிறவருக்கு முதல் நாளே கற்றுத்தரப்படுவது துப்பாக்கியை எந்தத் திசையில் நீட்டக் கூடாது என்பதுதான். விரல் டிரிகருக்குப் போவதற்கு முன்னால், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அங்கே வந்துவிடும். பசுமலைப்பட்டிச் சிறுவனின் கதை தெரிந்த மாநிலத்தில், அந்தப் பழக்கத்துக்கு எந்த ஸ்கோப்பைவிடவும் மதிப்பு அதிகம்.